பல்லோடு சேர்ந்து நடப்போம்

பிரிபோவுக்குக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது பாளைகள் நன்றாகச் சுரக்கும் பருவத்தில். காலையும் மாலையும் தென்னை ஏறிப் பதநீர் இறக்குகிறவன் அவன். கிரிபாட்டித் தீவுகளில் மரம் ஏறியவன் உச்சியிலிருந்து பாடியாக வேண்டும். கீழே கிணற்றடியில் குளிக்கும் பெண்களுக்கு மேலே ஆள் இருப்பது தெரிய வேண்டுமல்லவா? பிரிபோ பாட்டை விட்டுவிட்டு முனகத் தொடங்கியதும் ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது.

"தெக்கால மரத்துல எதுவோ உக்காந்து அழுவுது" என்றார்கள்.

"அது எதுவும் இல்ல, எம் புருஷன்தான்" என்றாள் அவன் மனைவி தாபேரா. "பேயா இருந்தா விடிஞ்சதும் ஓடிப்போயிருக்கும். இது சோறு கேக்குது. சோறு வச்சா மெல்ல முடியலன்னு அதுக்கும் அழுவுது."

தீவின் ஆஸ்பத்திரி என்பது ஓர் அறை, ஒரு கட்டில், மரேவா என்ற நர்ஸ். அவள் பிரிபோவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சொத்தை வேர் வரைக்கும் போயிருச்சு. பிடுங்கணும். பிரசவம் பாக்கச் சொல்லு, பாத்துருவேன். காலு கிழிஞ்சு வந்தா தச்சுருவேன். பல்லு பிடுங்க மட்டும் எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

பல் டாக்டர் தலைநகரத்தில் இருந்தார். தலைநகரத்துக்குப் போகும் கப்பல் பழுதாகித் தலைநகரத்திலேயே நின்றது. வாரம் இருமுறை வரும் குட்டி விமானத்தில் சீட்டுக் கிடைக்காது. பயிற்சி கொடுக்க வருகிறவர்களும் பயிற்சி எடுக்கப் போகிறவர்களும் அதில் எப்போதும் நிறைந்திருப்பார்கள். ஆகவே ஊர்ப் பெரியவர் தெபானோ, மனேபாவில், அதாவது ஊர் கூடும் பெருங்கூரை மண்டபத்தில், பேசி முடிவெடுத்து, பல் டாக்டர் ஒருவரை அனுப்புமாறு அரசாங்கத்தைக் கேட்டார். அரசாங்கம் வெளிநாட்டிலிருந்து தொண்டர்களை அனுப்பும் 'நிலைத்த கரங்கள்' என்ற அமைப்பைக் கேட்டது. சிறு தீவு நாடுகளின் நீடித்த வளர்ச்சிக்காகவே பிறந்த அமைப்பு அது. உடனே சம்மதித்தது.

டாக்டர் வந்திறங்கிய அன்று ஊரே விமானத் தளத்தில் கூடியது. கிழவிகள் மாலை போட்டார்கள், கழுத்தில் பவுடர் தூவினார்கள், அத்தர் அடித்தார்கள். ஜுடித் என்ற அந்த அம்மாள் நரைத்த தலையும் பெரிய கைகளுமாக இருந்தாள். கூட வந்தவர் கார்ட்ரைட், அமைப்பின் மண்டல ஒருங்கிணைப்பாளர்.

பிரிபோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனான்.

"நீங்க நெசமாவே பல்லு டாக்டரா?"

"ஆமா. ரொம்ப வருஷமா" என்றாள் ஜுடித், கற்றுக்கொண்டு வந்த உள்ளூர் மொழியில்.

பிரிபோ அங்கேயே, விமானத்தின் இறக்கை நிழலில், வாயைத் திறந்தான். அவள் குனிந்து பார்த்தாள். பசியோடிருப்பவன் கை தானாக இலைக்குப் போகிற மாதிரி அவளுடைய விரல்கள் அவன் வாயை நோக்கிப் போயின. பின்னாலிருந்து கார்ட்ரைட் மெல்லக் கனைத்தார். விரல்கள் நின்றன. ஜுடித் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மனேபாவில் கார்ட்ரைட் பேசினார். மரேவா மொழிபெயர்த்தாள்.

"முன்பெல்லாம் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்துவந்தோம்" என்று அவர் தொடங்கினார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "பல் வலிக்கிறது என்று ஒருவர் வந்தால் பல்லைப் பிடுங்கினோம். வலி போயிற்று. ஆனால் அது நிலைத்ததா? இல்லை. அவருக்கு இன்னொரு பல் வலித்தது. மறுபடியும் எங்களிடமே வந்தார்! இதற்குப் பெயர் சார்ந்திருத்தல். அந்த இருண்ட காலம் முடிந்துவிட்டது. இன்று நாங்கள் பல்லைப் பிடுங்குவதில்லை. பல்லோடு சேர்ந்து நடக்கிறோம்."

எல்லோரும் மரேவாவைப் பார்த்தார்கள்.

"பிடுங்க மாட்டாங்களாம்" என்றாள் அவள். "கூட நடப்பாங்களாம்."

"எங்க?" என்று கேட்டார் தெபானோ.

"அதச் சொல்லல."

மறுநாள் பட்டறை நடக்கும் என்று அறிவித்தார்கள். பட்டறை என்றதும் பிரிபோவுக்கு நம்பிக்கை துளிர்த்தது. பட்டறை என்றால் குறடு இல்லாமலா இருக்கும்? முதல் ஆளாய்ப் போய் உட்கார்ந்தான். அங்கே குறடு இல்லை. வண்ண அட்டைகள் இருந்தன. ஆளுக்கொரு அட்டையில் தன் பல்லை வரைய வேண்டும், அந்தப் பல் என்ன ஆக விரும்புகிறது என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வேண்டும். பிரிபோ ஒரு வட்டம் போட்டு உள்ளே முழுக்கக் கறுப்பாக்கினான். பக்கத்திலிருந்த தெபானோவுக்கு மொத்தமே நாலு பல். அவர் மீன் வரைந்தார்.

"உங்கள் முன்னோர்களின் ஞானத்தை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்" என்றார் கார்ட்ரைட். "பல் வலித்தபோது அவர்கள் என்ன செய்தார்கள்?"

தெபானோ யோசித்துப் பார்த்தார். "கத்துனாங்க" என்றார்.

கார்ட்ரைட் முகம் மலர்ந்தது. சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளில் 'குரல் வழிப் பாரம்பரிய மருத்துவம்' என்று எழுதி இருமுறை அடிக்கோடிட்டார்.

சாயங்காலம் பல் நலக் குழு அமைந்தது. தலைவராக இருக்க யாருக்குச் சம்மதம் என்று கேட்டார்கள். அந்தத் தீவுகளில் சம்மதம் என்றால் வாய்விட்டுச் சொல்வதில்லை, புருவத்தைத் தூக்கினால் போதும். பிரிபோவின் புருவங்கள் வலியால் காலையிலிருந்தே நெற்றியில் ஏறிக் கிடந்தன. ஒருமனதாக அவனைத் தலைவராக்கினார்கள். மறுக்கலாமென்று பார்த்தால் வாயைத் திறக்க முடியவில்லை.

தலைவரின் வீங்கிய கன்னத்தைப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். முடியவில்லை என்றதும், இதுவே நன்றாக இருக்கிறது, உண்மையாக இருக்கிறது என்றார்கள். அவனை 'தொடக்க நிலை' என்று குறித்துக்கொண்டார்கள். இனி தீவில் வரும் முன்னேற்றத்தையெல்லாம் அவன் கன்னத்தோடு ஒப்பிட்டுத்தான் அளப்பார்களாம். பிறகு கார்ட்ரைட் விமானம் ஏறினார்.

ஜுடித்தின் வேலை, மரேவாவுக்குப் பல் பிடுங்கக் கற்றுத் தருவது. மரேவாவுக்கு மகிழ்ச்சி. "குடுங்க அந்தக் குறட, இப்பவே கத்துக்கறேன்" என்று நின்றாள். ஆனால் பாடங்களை வரிசையாகத்தான் நடத்த வேண்டும். முதல் பாடம், பல் எனக்கு என்னவாக இருக்கிறது. அடுத்தது, பல்லும் பருவநிலை மாற்றமும். அதற்கடுத்து, ஈறுகளிடையே சமத்துவம். பிடுங்குவது மூன்றாம் ஆண்டின் கடைசியில் வந்தது. ஜுடித்தின் தொண்டுக்காலமோ இரண்டு ஆண்டோடு முடிந்துவிடும்.

"அப்பறம் வர்றவங்க அந்தப் பாடத்த நடத்துவாங்களா?" என்று மரேவா கேட்டாள்.

"புதுசா வர்றவங்க முதல் பாடத்துலருந்து ஆரம்பிக்கணும். அப்படித்தான் விதி" என்றாள் ஜுடித், கண்ணைப் பார்க்காமல்.

பாடத்துக்கு உதவியாகப் பன்றி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பல் வரிசையும் அதற்கேற்ற துடைப்பம் போன்ற பிரஷும் வந்து இறங்கின. ஆஸ்பத்திரியில் வேறு இடம் இல்லாததால் அதைப் பிரசவக் கட்டிலின் காலடியில் வைத்தார்கள். இடுப்பு வலி எடுத்து வந்த ஒரு பெண், வாயைப் பிளந்துகொண்டிருந்த அதைப் பார்த்ததும் எழுந்து வீட்டுக்கே போய்ப் பிள்ளை பெற்றுக்கொண்டாள்.

இதற்குள் பிரிபோவுக்குக் கழுத்து வரை வீங்கிவிட்டது. காய்ச்சல் வந்தது. கஞ்சியும் இறங்கவில்லை. அந்த நிலையிலும் குழுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க அவனைப் பாயோடு தூக்கிப் போனார்கள். தலைவர் இல்லாமல் கூட்டம் செல்லாதாம். 'பல் வலி இல்லாத தீவு' என்ற தீர்மானம் அவன் முனகலோடு நிறைவேறியது.

அன்றைக்குத் தாபேரா நேரே ஜுடித்தின் வீட்டுக்குப் போனாள்.

"டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க கைக்கு என்ன ஆச்சு?"

"கைக்கு ஒண்ணும் ஆகல."

"குறடு இல்லையா?"

ஜுடித் தயங்கினாள். "இருக்கு. துணிக்கு நடுவுல ஒளிச்சு வச்சுக் கொண்டாந்தேன். மரத்துப்போற ஊசியும் கொஞ்சம் இருக்கு. ஆனா நானே பிடுங்கினா என்னய ஊருக்கு அனுப்பிடுவாங்க, தாபேரா."

"சரி. இப்ப இங்க இருந்து என்ன பண்றீங்க?"

தாபேரா குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஜுடித் தன் பெரிய கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கக் கோயிலில் இருந்த வேளையில், தாபேரா புருஷனைத் தாங்கிப்பிடித்துத் தங்கள் சேம்புக் குழிக்குக் கூட்டிப்போனாள். அங்கெல்லாம் சேம்பை ஆழக் குழி வெட்டித்தான் நடுவார்கள்; உள்ளே இறங்கினால் யானைக் காது போன்ற இலைகளுக்கு நடுவே ஆள் இருப்பதே தெரியாது. ஜுடித் மீன் கூடையோடு முன்னதாகவே வந்து கணுக்கால் சேற்றில் நின்றிருந்தாள்.

"வாயத் திற. இன்னும். பயப்படாத" என்றாள். அவள் குரலே மாறியிருந்தது. பட்டறையில் கேட்ட குரல் இல்லை அது.

ஊசி இறங்கியது. கொஞ்ச நேரம் பொறுத்தாள். கோயிலில் எல்லோரும் எழுந்து நின்று பாட ஆரம்பித்ததும் குறடு உள்ளே போனது. பிரிபோ போட்ட சத்தம் பாட்டின் உச்சத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது. நெறுக்கென்று ஏதோ விட்டது. சீழும் ரத்தமுமாய்க் கொட்டியது. ஜுடித் பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"வேர் முழுசா வந்துருச்சு" என்றவள் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். "எத்தன மாசமாச்சு தெரியுமா, ஒரு பல்லத் தொட்டு!"

"நோவு எனக்கு, அழுகை இவங்களுக்கா?" என்று பிரிபோ பெண்டாட்டியிடம் கேட்க நினைத்தான். வாய் மரத்திருந்ததால் வேறு என்னவோ சத்தம் வந்தது. தாபேராவுக்குப் புரிந்துவிட்டது. இருவரும் சிரித்தார்கள்.

இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கியது. கன்னம் வற்றியது. மரத்தின் உச்சியிலிருந்து பாட்டுக் கேட்டதும் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர், தாடையில் துணி கட்டிக்கொண்டு ஒருவர் என்று பிரிபோவின் வேலியோரம் வந்து நின்றார்கள்.

"உன் சேம்பு எப்படி வெளஞ்சிருக்கு மச்சான்? வர்ற ஞாயித்துக்கெழம வந்து பாக்கலாமா?"

"வாங்க, வாங்க. வரிசையா வாங்க" என்றான் பிரிபோ பெருந்தன்மையாக.

அந்த ஞாயிறு வரவில்லை. அதற்குள் கார்ட்ரைட் வந்துவிட்டார். பிரிபோவின் வீங்கிய கன்னம் அமைப்பின் ஆண்டறிக்கை அட்டையை அலங்கரித்து, உலகத்தின் பல மூலைகளில் பலரை உருக வைத்திருந்தது. நன்கொடை தந்தவர்கள் அந்த முகத்தை மீண்டும் பார்க்க விரும்பினார்கள். ஒரு படப்பிடிப்பாளரும் கூட வந்திருந்தார்.

தாபேரா பிரிபோவை வீட்டுக்குள் இழுத்துப்போய், தேங்காய்ப் பருப்பில் ஒரு பெரிய துண்டைச் செதுக்கிக் கன்னத்தில் திணித்தாள். "வாயத் தொறந்தா கொன்னுருவேன். டாக்டரம்மாவ நெனச்சுக்க" என்று அனுப்பிவைத்தாள்.

மனேபாவில் விருந்து. சோறு, பொரித்த மீன், டின் இறைச்சி, சேம்புக் களி. பிரிபோவைத் தலைவர் என்பதால் கார்ட்ரைட் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

"வீக்கம் நன்றாக நிலைத்திருக்கிறது" என்று திருப்தியோடு சொன்னார் கார்ட்ரைட். படமெடுத்தார்கள். பக்கவாட்டில் எடுத்தார்கள். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆனால் விருந்தில் முக்கியமானவர்களுக்குப் பவுடர் தூவும் கிழவிகள் வந்தார்கள். தலைவருக்கு மரியாதை கூடுதலாகவே செய்தார்கள். பவுடர் மூக்கில் ஏறியது. பிரிபோ கண்ணை மூடினான், மூச்சைப் பிடித்தான், முடிந்த மட்டும் பார்த்தான். அப்புறம் தும்மினான்.

தேங்காய்த் துண்டு பறந்துபோய்க் கார்ட்ரைட்டின் தட்டில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு பிரிபோவின் கன்னத்தைப் பார்த்தார்.

"தொடக்க நிலை எங்கே?" என்றார், குரல் நடுங்க.

ஜுடித் எழுந்தாள். "நான்தான் பிடுங்கினேன்" என்றாள்.

கார்ட்ரைட் கோபப்படவில்லை. அவர் கோபப்படாமல் இருக்கப் பயிற்சி பெற்றவர். மெல்ல எழுந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பேசினார். "ஜுடித், நீங்கள் பிடுங்கியது ஒரு பல்லை அல்ல. ஒரு சமூகத்தின் தன்னம்பிக்கையை வேரோடு பிடுங்கிவிட்டீர்கள். இந்த மனிதருக்கு வலி இருந்தது. அந்த வலி அவருடையது. அதை வைத்து அவர் எவ்வளவு தூரம் வளர்ந்திருப்பார்! அட்டைப்படம் வரை வந்துவிட்டார். இன்று அவரிடம் என்ன இருக்கிறது? ஓர் ஓட்டை. நாம் இங்கே இருப்பது பிரச்சினைகளைத் தீர்ப்பதற்காக அல்ல. தீர்த்துவிட்டால் நாளை நாம் எதோடு சேர்ந்து நடப்போம்?"

மரேவா மொழிபெயர்க்க முயன்று, விட்டுவிட்டாள். "டாக்டரம்மாவ அனுப்பறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

தெபானோ தூணில் சாய்ந்தபடி கையை உயர்த்தினார். "ஒரு சந்தேகம். அய்யாவுக்குப் பல்லு வலிச்சா என்ன பண்ணுவாரு?"

"நான் பல் டாக்டரிடம் போவேன்" என்றார் கார்ட்ரைட். "ஆனால் அது வேறு சூழல்."

"போனா பிடுங்குவாங்களா?"

"தேவைப்பட்டால்."

"அந்தச் சூழல்ல கொஞ்சம் இங்க அனுப்ப முடியாதா?"

இதற்கு மனேபாவில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் புருவத்தைத் தூக்கினார்கள். கார்ட்ரைட் சற்றுக் காத்திருந்துவிட்டு, மக்கள் மௌனமாக இருப்பதால் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று முடித்தார்.

விமானத் தளத்துக்கு எல்லோரும் போனார்கள். கன்னத்தைப் பிடித்தவர்கள் ஒரு பக்கமாக, எதற்கும் இருக்கட்டும் என்று, வரிசையாகவே நின்றார்கள். ஜுடித் அந்த வரிசையைப் பார்த்தாள். பைக்குள் கைவிட்டுக் குறடை எடுத்து மரேவாவின் கையில் வைத்து அழுத்தினாள். "கத்துக்கலாம். நீ கத்துக்குவ. எலும்பு பக்கமா சாய்ச்சு..."

கார்ட்ரைட் வந்து, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல் பதமாக அதை வாங்கிக்கொண்டார். "பயிற்சி முடிக்காதவர் கையில் கருவி இருப்பது பொறுப்பான வளர்ச்சி ஆகாது" என்றார். மரேவாவின் விரல்கள் காற்றைப் பிடித்தபடியே நின்றன.

ஜுடித் பிரிபோவிடம் வந்து, "ஓட்டை மூடிருச்சா? காட்டு" என்றாள். அவன் காட்டினான். அவள் தலையசைத்தாள். விமானம் கிளம்பியது. வரிசையில் நின்றவர்கள் அது மேகத்துக்குள் போகும்வரை பார்த்துவிட்டுத் திரும்பி, பிரிபோவைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவனை யாரும் மச்சான் என்று கூப்பிடவில்லை. தீவில் பல் பிடுங்கப்பட்ட ஒரே ஆள் அவன்தான்.

அடுத்து வந்த விமானத்தில் கிளைவ் என்ற புதுத் தொண்டர் வந்தார். மெல்லிய குரல், ஈரக் கண்கள். ஜுடித் செய்துவிட்டுப் போன சேதத்தைச் சரிசெய்ய அமைப்பு அனுப்பிய இழப்பு ஆற்றுநர். பல்லை இழந்தவருக்கு ஆறுதல் சொல்வது அவர் பணி. நாள்தோறும் பிரிபோவைத் தன் எதிரே உட்காரவைத்து, மரேவா மூலம் பேசுவார்.

"அந்த இடம் காலியாக இருக்கிறதே, அதை நாக்கால் தொடும்போது என்ன தோன்றுகிறது?"

"நல்லாருக்கு."

"மறுக்கிறார்" என்றார் கிளைவ் மரேவாவிடம், கனிவாக. "இது முதல் படி."

பிரிபோவுக்கு இதில் உட்கார நேரமில்லை. வீட்டில் தாபேராவுக்குக் கீழ்த்தாடைப் பல் ஒன்று இரண்டு நாளாகக் குத்திக்கொண்டிருந்தது. முதலில் சொல்லவில்லை, அன்று காலை சுவரில் தலையை மோதினாள்.

"அய்யா, என் பெண்டாட்டிக்கு வலிக்குது" என்றான் அவன். "அந்த டாக்டரம்மாவத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க. நான் குழுத் தலைவரு. கேக்கற உரிம எனக்கு இருக்கில்ல?"

மரேவா ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். கிளைவ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிடுங்கியவரையே தேடுகிறார். இழந்தவர்கள் அப்படித்தான் தேடுவார்கள். மனைவியின் பல்லில் தன் வலியைப் பார்க்கிறார். அவசரப்படுத்தக் கூடாது. முதலில் அவர் மனம்விட்டு அழ வேண்டும். அது நடந்துவிட்டால் என் வேலை முடிந்தது."

"என்ன சொல்றாரு?" என்றான் பிரிபோ.

மரேவா அவன் முகத்தைப் பார்க்காமல், "நீ வீட்டுக்குப் போ. மாத்திர கொஞ்சம் தர்றேன்" என்றாள்.

தாபேரா பாயில் சுருண்டு கிடந்தாள். கன்னம் ஏறியிருந்தது. அவன் மாத்திரையைக் கொடுத்து, வெந்நீர்த் துணியைக் கன்னத்தில் வைத்தான்.

"என்னவாம் அந்த ஆளுக்கு?" என்றாள் அவள், பல்லைக் கடிக்காமல் பேசப் பழகியவளாய்.

"என் பல்லு போன துக்கம் ஆறுச்சான்னு கேக்கறான்."

"நீ என்ன சொன்ன?"

"உனக்கு வலிக்குதுன்னேன்."

"அதுக்கு?"

பிரிபோ துணியைத் திருப்பி வைத்தான். தாபேரா சிரிக்கப் பார்த்தாள். வலி பாதியிலேயே சிரிப்பைப் பிடித்துத் திருகியது. அவள் அவன் இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போட்டாள். மரத்தையும் காற்றையும் கடலையும் சமாளிக்கத் தெரிந்த அவனுக்கு அந்தச் சத்தத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. துணி ஆறிவிட்டது. மறுபடி நனைக்கலாமென்றால் அவள் கையை விடவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தவனுக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவும் கை இல்லை.

அந்த வழியாகப் போன கிளைவ், கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்தார். பிரிபோ குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். கிளைவ் நெஞ்சு நிறைந்து நின்றார். அழுகிறவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கற்றவர் அவர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல், வந்த வழியே நடந்தார்.